தோற்ற கட்சியிலிருந்து தொடங்குங்கள்: ஏ.பி. கவர்ன்மென்ட் கோடை வாசிப்பு

டாலஸ் பக்கத்தில் மே மாதக் கடைசியில் பள்ளி மூடியதும், பதினொன்றாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ஏ.பி. கவர்ன்மென்ட்டுக்கு உங்க பொண்ணு எந்த புக் படிச்சா?" என் மகள் போன வருடம் அந்தப் பாடத்தை எடுத்தாள் என்பதால் வரும் கேள்வி இது. கோடையில் ஒரு கைடும் வாங்க வேண்டாம், பிரின்டருக்கு மை வாங்கி வையுங்கள் என்று சொன்னால் பலருக்குத் திருப்தி ஏற்படுவதில்லை. முந்நூறு பக்கத்தில், அட்டையில் பெரிய 5 போட்ட ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அதனால் சற்று விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: இது கல்லூரி முதலாண்டுத் தரத்தில் பள்ளியிலேயே நடத்தும் அமெரிக்க அரசும் அரசியலும் பற்றிய பாடம். மே மாதத்தில் மூன்று மணி நேரத் தேர்வு, 55 கொள்குறி வினாக்கள், விரிவாக எழுத வேண்டிய கேள்விகள் நான்கு, மதிப்பெண் 1 முதல் 5 வரை. பாடத்திட்டத்தில் கட்டாயமாகப் படிக்க வேண்டிய ஆவணங்கள் ஒன்பது, உச்ச நீதிமன்ற வழக்குகள் பதினான்கு. முன்பு பதினைந்து இருந்தன. 2022-இல் உச்ச நீதிமன்றமே, கருக்கலைப்பு உரிமையை ஏற்ற ரோ எதிர் வேட் தீர்ப்பை ரத்து செய்துவிட்டதால் அது பட்டியலிலிருந்து போய்விட்டது. பாடப் பட்டியலே நடப்பு அரசியலோடு மாறுகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

டெக்சாஸில் இந்தப் பாடத்துக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. இங்கே பெரும்பாலான பள்ளிகளில் கவர்ன்மென்ட் அரையாண்டுப் பாடம், மீதி அரையாண்டு எகனாமிக்ஸ். முதல் பாதியில் கவர்ன்மென்ட் வந்துவிட்டால் டிசம்பரிலேயே பாடம் முடிந்துவிடும், தேர்வோ மே மாதம். நடுவில் நான்கைந்து மாதம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். மனப்பாடம் பண்ணியது அத்தனை நாள் தங்காது. கதையும் சண்டையும்தான் தங்கும். கோடையில் எதைப் படிக்கலாம், எப்படிப் படிக்கலாம் என்பதெல்லாம் என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு காரணத்தை வைத்துத்தான்.

மனப்பாடத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. குடியுரிமை நேர்காணலுக்குப் போனபோது நானும் மனைவியும் படித்தது 100 கேள்விகள் கொண்ட பட்டியல். அதில் பத்தைக் கேட்பார்கள், ஆறு சரியாகச் சொன்னால் போதும். (2025 அக்டோபரிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்விகள், இருபது கேட்டு பன்னிரண்டு சரியாக இருக்க வேண்டும். நாங்கள் தப்பித்தோம்.) 'ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை எழுதியவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள்' என்பது அதில் ஒரு கேள்வி. அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தை ஆதரித்து அது வந்த காலத்தில் எழுதிய கட்டுரைகள் அவை. மேடிசன் என்று சொன்னால் சரி. 'அரசின் ஒரு பிரிவு அளவுக்கு மீறி அதிகாரம் பெறாமல் தடுப்பது எது' என்பது இன்னொன்று. ஆபீசுக்குக் கார் ஓட்டிப் போகும்போதெல்லாம் இவற்றைச் சொல்லிச் சொல்லிப் பார்த்து, கொடியின் முன் நின்று உறுதிமொழி எடுத்து, குடிமக்களாகிவிட்டோம். மேடிசன் அந்தக் கட்டுரையில் யாரோடு சண்டை போட்டார் என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் தேடவில்லை. எங்களைப் போன்ற வீடுகளில் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தில் கிடைக்காதது அந்தச் சண்டைதான். கணக்கு என்றால் நாம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துவிடுவோம். இதில் நமக்கே விடை மட்டும்தான் தெரியும்.

பள்ளி கொடுக்கும் கோடை வேலை ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். ஒன்பது ஆவணங்களில் சிலவற்றைக் குறிப்பெழுதிப் படித்து வா என்பார் ஒருவர், செய்தி நாட்குறிப்பு எழுதச் சொல்வார் இன்னொருவர். அரசமைப்புச் சட்டத்துக்குள் புதையல் வேட்டை மாதிரி ஒரு வினாத்தாள் அநேகமாக எல்லாரிடமும் உண்டு. செனட்டராக எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும், செனட்டில் வாக்கு சமமானால் யார் தீர்ப்பது, இந்த ரகம். இதைப் பிள்ளைகள் எப்படி முடிக்கிறார்கள் என்று நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இணையத்தில் முழுச் சட்டத்தையும் திறந்து, கன்ட்ரோல் எஃப் தட்டி, 'வயது' என்று தேடி, முப்பது என்று எழுதிவிட்டு அடுத்த கேள்வி. முக்கால் மணி நேரத்தில் தாள் நிரம்பிவிடும், சட்டத்தில் ஒரு பத்தியைக்கூட முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள். தாளைக் குறை சொல்லவில்லை. ஆசிரியருக்கும் திருத்தி மாள வேண்டுமே. ஆனால் அதைச் செய்துவிட்டோம், தயாரிப்பு முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? பட்டியலை வரிசையாக எடுத்தால் முதலில் 1776 சுதந்திரப் பிரகடனம், அப்புறம் 1781-இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகள், அதாவது இன்றைய அரசமைப்புச் சட்டத்துக்கு முன் இருந்த சட்டம். பிரகடனம் கம்பீரமாக இருக்கும், பிள்ளைகள் அதை ஐந்தாம் வகுப்பிலிருந்தே கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள். கூட்டமைப்பு விதிகள் தூக்கத்துக்கு நல்ல மருந்து. மத்திய அரசுக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது, விதியைத் திருத்த பதிமூன்று மாநிலமும் ஒத்துக்கொள்ள வேண்டும், தனி நிர்வாகத் தலைவரும் இல்லை, தேசிய நீதிமன்ற அமைப்பும் இல்லை, மாசசூசெட்ஸில் கடனில் மூழ்கிய விவசாயிகள் 1786-இல் கலகம் செய்தபோது அதை அடக்க மத்திய அரசிடம் காசும் இல்லை ஆளும் இல்லை. இவ்வளவு தெரிந்தால் கோடைக்குப் போதும். நான் சொல்வது, முதலில் புரூட்டஸை எடுங்கள்.

புரூட்டஸ் என்பது புனைபெயர். ஆள் நியூயார்க் நீதிபதி ராபர்ட் யேட்ஸ் என்று பலர் கருதுகிறார்கள், உறுதியில்லை. 1787 செப்டம்பர் 17 அன்று பிலடெல்ஃபியாவில் 39 பேர் கையெழுத்திட்ட புதிய அரசமைப்புச் சட்டம் மாநிலங்களின் ஒப்புதலுக்கு வந்திருந்த நேரம். அக்டோபர் 18 அன்று நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இவருடைய முதல் கட்டுரை, இதை ஏற்காதீர்கள் என்று. ஒன்பது நாள் கழித்துத்தான் பப்ளியஸ் என்ற பெயரில் ஹாமில்டனின் முதல் ஃபெடரலிஸ்ட் கட்டுரை வந்தது. ஹாமில்டன், மேடிசன், ஜான் ஜே மூவரும் சேர்ந்து அடுத்த சில மாதங்களில் 85 கட்டுரைகள் எழுதிக் குவித்தார்கள் என்றால் எதிர்ப்பக்கம் அவ்வளவு பலமாக இருந்தது என்று பொருள். 1788 ஜூலையில் நியூயார்க்கில் வாக்கெடுப்பு நடந்தபோது 30-க்கு 27. மூன்று வாக்கு வித்தியாசம்! அதற்குள் பத்து மாநிலங்கள் ஒப்புக்கொண்டு சட்டமே நடைமுறைக்கு வருவது உறுதியாகிவிட்டிருந்தும் இந்த நிலைமை.

பிள்ளைகள் பப்ளியஸை முதலில் படித்தால் அது வேத வாக்காகத் தெரிகிறது. வென்றவர்கள் எழுதியது, ஜெயித்தது, இருநூறு வருடமாக நடக்கிறது, இதில் கேள்வி கேட்க என்ன இருக்கிறது என்ற மனநிலை வந்துவிடும். புரூட்டஸை முதலில் படித்தால் அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். என் மகள் சாய்ந்தாள். அப்புறம் மேடிசன் வந்து அவளை இழுக்கப் பாடுபட வேண்டியிருந்தது, அந்தப் பாடுதான் படிப்பு.

நாங்கள் செய்த விதம் இது. பிரதியை ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, இடைவெளி அதிகம் விட்டு, சாப்பாட்டு மேசையில் வைத்துச் சத்தமாக வாசிப்பது. அமெரிக்க ஆவணக் காப்பகத்தின் இணையதளத்திலும் காங்கிரஸ் நூலகத்திலும் இந்தக் காலத்து ஆவணங்கள் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டு வாக்கியம் ஒவ்வொன்றும் அரைப் பக்கம் ஓடும். "அப்பா, இந்த ஆளுக்கு ஃபுல் ஸ்டாப்பே தெரியாதா?" என்று முதல் நாளே புலம்பல். யார், என்ன செய்கிறார் என்ற இரண்டை மட்டும் பேனாவால் வட்டம் போடு, நடுவில் வருவதையெல்லாம் அடைப்புக்குறிக்குள் தள்ளு என்றேன். முதல் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டே போனது, மூன்றாம் பக்கத்தில் வேகம் வந்துவிட்டது. ஓர் இடத்தில் புரூட்டஸ் சொல்கிறார்: மக்கள் ஒருமுறை அதிகாரத்தைக் கையைவிட்டால் பலப்பிரயோகம் இல்லாமல் அதைத் திரும்பப் பெறுவது அநேகமாக நடக்காது, ஆள்பவர்களுக்கு மக்களே அதிகாரத்தைக் கூட்டிக் கொடுத்ததற்கு உதாரணம் நிறைய உண்டு, ஆள்பவர்கள் தாங்களாகக் குறைத்துக்கொண்டதற்கு உதாரணம் இருந்தால் ஒன்றிரண்டு. அந்த வரிக்குப் பக்கத்தில் ஓரத்தில் அவள் எழுதிய குறிப்பு: 'இவர் சொல்வது தப்பில்லையே.'

அதே உட்காரலில் அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவு, எட்டாம் உட்பிரிவை எடுக்க வேண்டும். காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், என்னென்ன செய்யலாம் என்று பதினேழு அதிகாரங்களை எண்ணி எண்ணி அடுக்கிவிட்டு, பதினெட்டாவதாக, இவற்றை நிறைவேற்றத் தேவையானதும் பொருத்தமானதுமான எல்லாச் சட்டங்களையும் இயற்றலாம் என்று ஒரு வரி. பதினேழு பூட்டுப் போட்டுவிட்டுப் பதினெட்டாவதாக ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி. புரூட்டஸ் அந்த வரியில்தான் விரலை வைக்கிறார். இதை வைத்துக்கொண்டு மத்திய அரசு எதையும் செய்யும், மாநிலங்கள் பேருக்கு நிற்கும் என்கிறார்.

அவர் எழுதி 32 வருடம் கழித்து, 1819-இல், மக்கலக் எதிர் மேரிலாந்து வழக்கு. காங்கிரஸ் ஒரு தேசிய வங்கியை உண்டாக்கியிருந்தது. வங்கி என்ற சொல் சட்டத்தில் எங்கும் இல்லை. பால்டிமோர் கிளைக்கு மேரிலாந்து மாநிலம் வரி போட்டது, கிளைக் காசாளர் கட்ட மறுத்தார். தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அந்தப் பதினெட்டாவது வரியைக் காட்டி வங்கி செல்லும் என்றார், மாநிலம் அதற்கு வரி போட முடியாது என்றும் சொல்லிவிட்டார். புரூட்டஸ் பயந்தது நடந்ததா இல்லையா? கைடு புத்தகத்தில் இந்த வழக்கு 'மறைமுக அதிகாரங்கள், மத்திய அரசின் மேலாண்மை' என்று இரண்டு புள்ளியாக இருக்கும். புரூட்டஸைப் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு அது முப்பது வருடப் பழைய பந்தயத்தின் முடிவு.

அதோடும் முடியவில்லை என்பதுதான் சுவாரஸ்யம், அதுவும் எங்கள் மாநிலத்தில். 1992-இல் சான் அன்டோனியோவில் ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பையன் பள்ளிக்குத் துப்பாக்கி எடுத்துப் போய் மாட்டினான். பள்ளி வட்டாரத்தில் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கி 1990-இல் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தின் கீழ் மத்திய அரசு வழக்குப் போட்டது. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் இருக்கிறதே, அதிலிருந்து இந்தச் சட்டம் எப்படி வந்தது என்று கேட்டால், பள்ளியில் துப்பாக்கி இருந்தால் படிப்பு கெடும், படிப்பு கெட்டால் பொருளாதாரம் கெடும், ஆகவே வணிகம் என்று அரசுத் தரப்பு வாதம். இப்படிப் போனால் மத்திய அரசால் தொட முடியாதது என்று எதுவுமே இருக்காது என்று 1995-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் நீதிமன்றம் சட்டத்தை அடித்துவிட்டது. காங்கிரஸும் விடவில்லை, அடுத்த வருடமே, மாநிலங்களுக்கிடையே நடமாடிய துப்பாக்கி என்ற நிபந்தனையைச் சேர்த்து அதே சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. அமெரிக்க அரசு எதிர் லோபஸ் என்ற இந்த வழக்கும் பதினான்கில் ஒன்று. 1787, 1819, 1995 மூன்றையும் ஒரே வாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் பாடத்தின் முதல் அலகில் பாதி தானாக வந்துவிடும்.

அப்புறம்தான் மேடிசன் எழுதிய ஃபெடரலிஸ்ட் பத்தாம் கட்டுரை. பெரிய நாட்டில் குடியரசு நிலைக்காது என்று புரூட்டஸ் ரோமையும் கிரேக்கத்தையும் காட்டிச் சொன்னதற்குத் தலைகீழான பதில். கோஷ்டிகள் மனித சுபாவத்திலேயே இருக்கின்றன, அவற்றை ஒழிக்க வேண்டுமென்றால் சுதந்திரத்தை ஒழிக்க வேண்டும் அல்லது எல்லாரையும் ஒரே மாதிரி நினைக்க வைக்க வேண்டும், முதலாவது நோயைவிட மோசமான மருந்து, இரண்டாவது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே நாடு பெரிதாக இருக்கட்டும், கோஷ்டிகள் பெருகட்டும், எந்த ஒன்றுக்கும் தனியாகப் பெரும்பான்மை கிடைக்காமல் போகும். இதைப் புரியவைக்க எனக்கு அதிகம் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை, தமிழ்ச் சங்கத் தேர்தலைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பெண். கோஷ்டிகள் உருவாக மிகப் பொதுவான, நீடித்த காரணம் சொத்துப் பங்கீட்டில் உள்ள ஏற்றத்தாழ்வு என்று மேடிசன் அப்பட்டமாக எழுதியிருப்பதை மட்டும் அடிக்கோடு போட வையுங்கள். சுருக்கங்களில் அது எப்படியோ தொலைந்துபோகிறது.

ஐம்பத்தொன்றாம் கட்டுரை சிறியது, மனிதர்கள் தேவதைகளாக இருந்தால் அரசே வேண்டியதில்லை என்ற வரி அதில்தான் வருகிறது. நாங்கள் குடியுரிமைக்கு மனப்பாடம் பண்ணிய 'எது தடுக்கிறது' என்ற கேள்விக்கு முழு விடையும் அங்கே இருக்கிறது: ஒருவருடைய பேராசையை இன்னொருவருடைய பேராசையால் கட்டிப்போடுவது. நல்லவர்கள் வருவார்கள் என்று நம்பி எழுதிய சட்டம் இல்லை இது. ஹாமில்டனின் எழுபதாம் கட்டுரைக்கு ஒரு மாலை போதும். நிர்வாகத்துக்கு வேகம் வேண்டும், அதற்கு ஒரே ஆள் வேண்டும், பல பேர் இருந்தால் தப்பு யாருடையது என்றே கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவுதான். எழுபத்தெட்டில் நீதித்துறையிடம் வாளும் இல்லை பணப்பையும் இல்லை, ஆகவே அது மூன்றிலும் ஆபத்துக் குறைந்தது என்கிறார். இப்போது பதினேழு வயதுப் பிள்ளை ஒருவரிடம் இதைப் படித்துக் காட்டிப் பாருங்கள், சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஏன் சிரித்தாய் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதச் சொன்னால் தேர்வின் வாதக் கட்டுரைக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை, ஏனென்றால் அந்தக் கேள்வியில் இந்த ஆவணங்களில் ஒன்றையாவது சான்றாகக் காட்டித்தான் எழுத வேண்டும்.

அரசமைப்புச் சட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். கையெழுத்துகளையும் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு சொற்கள் சொச்சம், ஏழு பிரிவுகள், பின்னால் 27 திருத்தங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும், ஆனால் சில இடங்களில் நிற்க வேண்டும். முதல் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில், மக்கள்தொகை எண்ணும்போது சுதந்திரமானவர்களோடு 'மற்ற எல்லா நபர்களிலும்' ஐந்தில் மூன்று பங்கைச் சேர்க்கச் சொல்கிறது. யார் அந்த மற்றவர்கள்? அடிமை என்ற சொல்லை எழுதாமலே அடிமைமுறையைச் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். 1808 வரை ஆட்களை 'இறக்குமதி' செய்வதைக் காங்கிரஸ் தடுக்கக் கூடாது என்ற வரியும் அப்படியே. வினாத்தாளில் தேடல் பெட்டியில் தட்டுகிறவர்களுக்கு இது கண்ணில் படாது, தேடுகிற சொல்தான் அங்கே இல்லையே.

கடைசித் திருத்தத்தின் கதையைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றிக்கொண்டால் அடுத்த தேர்தல் முடிந்த பிறகுதான் அது நடைமுறைக்கு வரலாம் என்ற இந்தத் திருத்தத்தை மேடிசன் காலத்தில், 1789-இல், முன்மொழிந்து அப்படியே கிடப்பில் போட்டுவிட்டார்கள். 1982-இல் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கிரெகரி வாட்சன் என்ற மாணவர், கெடு எதுவும் வைக்காததால் இதை இன்னும் நிறைவேற்றலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். கிடைத்தது 'சி'. அவர் மாநிலச் சட்டமன்றங்களுக்கு ஓயாமல் கடிதம் எழுதிக்கொண்டே இருந்து, 1992-இல் அது 27-ஆவது திருத்தமாகிவிட்டது. 2017-இல் பல்கலைக்கழகம் அந்தக் கிரேடை 'ஏ' ஆக்கியது. மகளுக்கு ஒன்பது ஆவணங்களிலும் ஒட்டாத ஆர்வம் இந்த ஒரு கதையில் ஒட்டியது. மதிப்பெண் போராட்டம் என்றால் அவர்களுக்குத் தனி மரியாதை.

வழக்குகள் பதினான்கையும் கோடையில் தொடாதீர்கள், அதற்குப் பள்ளி இருக்கிறது. பிள்ளைகளைப் பற்றிய இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று டிங்கர். 1965 டிசம்பரில் ஐயோவா மாநிலத்தின் டி மாயின் நகரில் வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிப் பள்ளிக்குப் போன மாணவர்களை இடைநீக்கம் செய்தார்கள். மேரி பெத் டிங்கருக்கு அப்போது பதிமூன்று வயது. 1969-இல் 7-க்கு 2 என மாணவர்கள் பக்கம் தீர்ப்பு. இதிலும் நான் தோற்ற பக்கத்தைத்தான் முதலில் படிக்கச் சொன்னேன். நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு, பிள்ளைகள் பள்ளிக்கு வருவது படிக்கத்தானே என்ற கோபத்தில் எழுதியது, நம் ஊர்ப் பெரியவர் யாரோ எழுதியது போலவே இருக்கும். நான் அவர் கட்சி என்று சொல்லி மகளை வம்புக்கு இழுத்தேன். அதே 1965-ஆம் வருடம் ஜனவரியில் மதுரையில் என் அப்பா கல்லூரி மாணவர், இந்தித் திணிப்பை எதிர்த்துக் கறுப்புக் கொடி பிடித்த கூட்டத்தில் ஒருவர். "தாத்தா மட்டும் பண்ணலாமா?" என்று அவள் மடக்கியதும் பிளாக் கட்சி அதோடு கலைந்தது. அங்கே அது கோர்ட்டில் முடியவில்லை, 1967 தேர்தலில் முடிந்தது. ஏன் இங்கே எல்லாம் நீதிமன்றத்துக்குப் போகிறது என்ற கேள்விக்கு எங்களை இட்டுச் சென்றது அந்த வித்தியாசம்தான்.

இன்னொன்று யோடர், 1972. விஸ்கான்சினில் ஆமிஷ் சமயத்துப் பெற்றோர் எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள், தலைக்கு ஐந்து டாலர் அபராதம். ஐந்து டாலர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பெற்றோர் வென்றார்கள். நீதிபதி டக்ளஸ் மட்டும் ஓரளவு மாறுபட்டார்: பெற்றோரைக் கேட்டீர்கள், பிள்ளையைக் கேட்டீர்களா? ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகச் சொல்லி வருடக்கணக்காக அவளை இழுத்துப் போன எங்கள் வீட்டில் அந்த வாரம் டக்ளஸ் பெயர் அடிபட்ட அளவுக்கு வேறு யார் பெயரும் அடிபடவில்லை. ஓயெஸ் இணையதளத்தில் இந்த வழக்குகளின் வாய்மொழி வாதங்கள் ஒலிப்பதிவாகவே இருக்கின்றன. காரில் போட்டுவிடுங்கள். நீதிபதிகள் வக்கீலை இடைமறித்துக் குடைவதைக் கேட்டால், தீர்ப்பு என்பது மேலிருந்து விழுந்தது இல்லை என்பது தெரியும்.

மார்ட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அலபாமாவின் எட்டு வெள்ளை மதகுருமார்கள் வெளியிட்ட சிறு அறிக்கையைப் படிக்க வேண்டும், பாடத்திட்டத்தில் இல்லை, ஒரு பக்கம்கூட இருக்காது. கிங் பெயரைச் சொல்லாமல், வெளியாட்கள் வந்து நடத்தும் போராட்டம் என்று குறை சொல்லி, பொறுமையாக இருங்கள், கோர்ட்டுக்குப் போங்கள் என்று மிகவும் மரியாதையாக எழுதியிருப்பார்கள். நியாயமாகத்தானே பேசுகிறார்கள் என்று தோன்றும், தோன்ற வேண்டும். அதன் பிறகு கிங்கைத் திறந்தால், காத்திரு என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு அலுத்தவரின் பதிலாக ஒரே வாக்கியம் நிற்காமல் ஓடுகிறது, அதற்குள் ஒரு ஆறு வயது மகள், தொலைக்காட்சியில் விளம்பரம் பார்த்த கேளிக்கைப் பூங்காவுக்குத் தான் ஏன் போக முடியாது என்று கேட்கிறாள், அப்பாவுக்கு நாக்கு குழறுகிறது. இந்த வாக்கியத்தின் நீளத்தைப் பற்றி மகள் புகார் சொல்லவில்லை.

நேரத்துக்கு வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்புக்கு முந்தைய கோடை கல்லூரி விண்ணப்பக் கட்டுரைகளுக்கே போய்விடும், ஆகஸ்ட் 1 அன்று பல கல்லூரிகளுக்கும் சேர்த்து நிரப்பும் பொது விண்ணப்பம் (காமன் ஆப்) திறந்துவிட்டால் வீட்டில் வேறு பேச்சு இருக்காது. இங்கே பள்ளியும் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடுகிறது. ஆகவே வாசிப்பு ஜூன் மாதத்து வேலை. வாரத்துக்கு இரண்டு மாலை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், அதற்கு மேல் கேட்டால் நடக்காது. சாட்ஜிபிடியிடம் சுருக்கம் கேட்பதை நான் தடுக்கவில்லை, தடுத்தாலும் நிற்காது. முதலில் நீ ஓரத்தில் கைப்பட எழுது, அப்புறம் கேள், இரண்டும் எங்கே வேறுபடுகிறது என்று எனக்குச் சொல் என்பதோடு சரி. அம்மா அப்பாவுக்கு வேலை, எப்போதும் எதிர்க்கட்சி வக்கீலாக உட்காருவது. பாடம் தெரிய வேண்டியதில்லை, "ஏன்?" என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

செய்தி நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தால் உள்ளூரிலிருந்து எடுப்பது நல்லது. 2025 கோடையில் தொகுதி எல்லைகளை நடுவழியில் மாற்றி வரைய டெக்சாஸ் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டதும், ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் கூட்டமாக மாநிலத்தை விட்டே வெளியேறிவிட்டார்கள். 150 பேர் அவையில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால்தான் கூட்டம் நடக்கும். அமெரிக்கக் காங்கிரஸுக்குச் சட்டம் கேட்பது பாதிக்கு மேல்தான். அந்த வித்தியாசத்தை அவளாகத் தேடிக் கண்டுபிடித்தாள். அவர்கள் திரும்பி வந்து வரைபடமும் நிறைவேறியது. தொகுதி வரைவு பற்றிய பேக்கர், ஷா வழக்குகளை வகுப்பில் ஆசிரியர் எடுத்தபோது அவளிடம் சொல்ல விஷயம் இருந்தது.

கைடு வேண்டும் என்றால் மார்ச்சில் வாங்குங்கள், பழைய பதிப்பே நூலகத்தில் கிடைக்கும், 2018-க்குப் பிந்தையதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த வருடம்தான் பாடத்திட்டத்தை மாற்றினார்கள். அப்புறம், ஆசிரியர் கொடுத்த புதையல் வேட்டைத் தாளை ஜூலைக்குள் முடித்துப் பையில் வைத்துவிடச் சொல்லுங்கள். முதல் வாரத்து மதிப்பெண் அதற்குத்தான், புரூட்டஸுக்கு இல்லை.